உள்ளே போனது எங்கே

மலைக்கு நர்ஸ் வேலைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் ஒரு தூக்குவாளி என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. அது எங்கள் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தவருடையது. மிளகு பறிக்க ஏணி போட்டு ஏறியவர் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டிருந்தார். சமவெளியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து அனுப்பியிருந்தார்கள். வளப்பூர் நாடு என்ற மலைப்பகுதியில் அவர் வீடு வரை வண்டி போகாது, மேட்டில் நடந்துதான் ஏற வேண்டும். அதனால் கால் ஊன்றும் வரை எங்களிடமே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி காலை பஸ்ஸில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, மாட்டைப் பார்க்க அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார். மறுநாள் வரும்போது தூக்குவாளி காலியாக இருக்கும். "நல்லா சாப்புடறாருங்க சிஸ்டர்" என்று சந்தோஷமாகக் கழுவி எடுத்துப் போவார்.

எனக்குத்தான் இடித்தது. யூரின் கேனில் வருவது கொஞ்சம், அதுவும் கட்டங்காப்பி நிறம். வெளிக்குப் போய்ப் பல நாளாகியிருந்தது. பெட்பேனை எடுத்துக்கொண்டு போனால், "இப்ப வேண்டாமுங்க" என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாளைக்கும் போகாவிட்டால் எனிமா கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் தினமும் ஒரு வாளிச் சாப்பாடு உள்ளே போய் எங்கேதான் தங்குகிறது?

அன்று மதியம் மாத்திரை கொடுக்க வந்தவள் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் கையை எட்டி நீட்டி, தூக்குவாளியைப் பக்கத்துக் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டிலில் இருந்த ஆஸ்துமாக்காரர் களியும் கீரைக் குழம்பும் வழித்துச் சாப்பிட்டார்.

சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. அருகே போய் மெதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, ஊட்டுச் சாப்பாடு புடிக்கலீங்களா?"

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தின்னா வருமுங்க. வந்தா நீங்கதான் எடுத்துக் கொட்டோணும். எம் பொண்ணு வயசு உங்களுக்கு. அதுக்குப் பட்டினியாவே கெடந்துக்கலாம்."

"தண்ணி குடிக்காததும் அதுக்குத்தானுங்களா?"

"ஆமாங்க."

அதுவரை எந்த நோயாளியிடமும் கேட்டிராத ஒன்றை அவரிடம் கேட்கத் தோன்றியது. "ஊட்டுல எப்படிங்க போவீங்க?"

"வெடியால எந்திரிச்சதும் சூடா காப்பி குடிப்பனுங்க. அப்பறம் மேட்டுப் பக்கம் நடந்தா வந்துரும். அங்க ஒரு ஆளு இருக்காது."

"குத்தவெச்சுத்தானே?"

"பின்ன, படுத்துட்டா போவாங்க?"

அதைக் கேட்டதும் இத்தனை நாள் அவரிடம் என்ன எதிர்பார்த்தோம் என்பது எனக்கே வேடிக்கையாக இருந்தது. எங்கள் வீட்டிலும் எருமை உண்டு. அந்த நினைப்பில் கேட்டேன், "உங்க மாடு சாணி போடலீன்னா சும்மா இருப்பீங்களா?"

"அதெப்படிங்க? வயித்தைத் தொட்டுப் பாப்பேன். போட்டா, எளக்கமா கெட்டியான்னு குச்சியில கிளறிப் பாப்பேன்."

"அருவருப்பா இருக்காதுங்களா?"

"அதுக்கு உள்ள என்ன ஆச்சுன்னு தெரியோணுமில்லீங்க?"

"எனக்கும் அதேதானுங்கண்ணா. உங்களுக்கு உள்ள என்ன ஆச்சுன்னு தெரியோணும்."

முதல்முறையாக என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் கழித்து, தண்ணீர்ச் செம்பைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

விஷயத்தைச் சொன்னதும், எனிமாவை ஒரு நாள் தள்ளிவைத்து, மலம் இளக மருந்து எழுதித் தந்தார் டாக்டர். மறுநாள் காலை கட்டங்காப்பி கொடுத்தேன். மலைக் குளிரில் எவர்சில்வர் பெட்பேன் ஐஸாக இருக்கும். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கித் துடைத்தேன். நல்ல கால் பக்கமாக அவரைப் புரட்டி அதை அடியில் வைத்து, தலைமாட்டை உயர்த்தி, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்தேன். குத்தவைப்பதற்கு அது ஈடாகாதுதான். ஆனாலும் படுக்கை மாதிரி இல்லை. ஆஸ்துமாக்காரரை வராந்தாவுக்கு அனுப்பி, திரையை இழுத்துவிட்டு, இவர் கையில் ஒரு டம்ளரும் ஸ்பூனும் கொடுத்தேன். "முடிஞ்சதும் தட்டுங்க. அதுவரைக்கும் யாரும் வரமாட்டோம்."

வராந்தாவில் நானும் ஆஸ்துமாக்காரரும் மழையைப் பார்த்தபடி காத்திருந்தோம். ஒருவழியாக டம்ளர் சத்தம் கேட்டது. "போயிட்டாருங்க!" என்று என்னை முந்திக்கொண்டு கத்தினார் ஆஸ்துமாக்காரர்.

கழுவித் துடைத்து, இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்பேனை மூடி எடுத்தபோது, அவர் வெட்கத்தோடு கேட்டார்: "எப்படிங்க இருக்குது?"

"கெட்டிதானுங்க. இன்னும் நல்லா தண்ணி குடிக்கோணும்."

அதற்குப் பிறகு அவருக்கே அதில் ஆர்வம் வந்துவிட்டது. யூரின் கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இன்னைக்குத் தெளிஞ்சிருக்குதுங்க சிஸ்டர்" என்பார். சாப்பாட்டையும் அவரே சாப்பிட்டார். ஆஸ்துமாக்காரருக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.

வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியதும், வீட்டில் குத்தவைக்க முடியாதே என்ற கவலை அவருக்கு வந்தது. பிளாஸ்டிக் சேரின் நடுவில் ஓட்டை வெட்டி, ஓரத்தில் துணி சுற்றிக்கொள்ளலாம் என்றேன். அடுத்த வாரம் அவர் மனைவி அப்படி வெட்டிய சேரைத் தலையில் கவிழ்த்தபடி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். வெட்டியது சரிதானா என்று கணவரை உட்காரவைத்துப் பார்க்கத்தான் கொண்டுவந்தாராம்.

அவர் உட்கார்ந்தார். அசைந்து பார்த்தார். "இன்னொரு விரக்கடை முன்னால வெட்டோணும்" என்றார்.