எரியாத கட்சிக்காரர்

வண்டிக்காரர் கருப்பையா இறந்த செய்தி என் கடைக்குத் துணி கேட்டுத்தான் வந்தது. அப்புத்தளைக் கடைவீதியில் துணியும் விற்றுத் தையலும் தைக்கிறவனிடம் ஒருவன் வந்து கோடித்துணி கேட்டால், யாருக்கு என்று கேட்காமல் இருக்க முடியாது. கேட்டேன். வந்தவன் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவரோடு குடியிருந்தவன். "நம்ம வண்டிக்காரருக்குத்தாங்க. காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து படுத்தாரு. எந்திரிக்கல," என்றான். கையிலிருந்த சட்டைக்குக் காலர் வைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதைப் பார்த்து என்னைக் கல்நெஞ்சன் என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லட்டும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பாதியில் விட்ட காலர் கோணிக்கொள்ளும், அவ்வளவுதான்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னவர்கள் என்னை அவருடைய சிநேகிதன் என்று நினைத்துச் சொன்னார்கள். சிநேகிதன் இல்லை, எதிர்க்கட்சி. மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடந்ததும் லாவணி பாட உட்காருவோம். சிவனுடைய நெற்றிக்கண் பட்டு மன்மதன் எரிந்தே போனான் என்று ஒரு கட்சி பாடும். எரியவில்லை என்று இன்னொரு கட்சி பாடும். நான் எரிந்த கட்சி, கருப்பையா எரியாத கட்சி. என் கையில் டேப்பு என்கிற சின்ன மேளம், அவர் கையில் ஒற்றைத் தந்தித் துந்தினா. இப்படியே எதிரும் புதிருமாக உட்கார்ந்து இரண்டு பேருக்கும் தலை நரைத்தது.

நான் நடந்ததை நடந்தது என்று சொல்கிற ஆள். ஒரு மாசியில், கூத்தில் காமனை எரித்த பொட்டலில் கிடந்த சாம்பலை ஒரு பிடி அள்ளிவந்து அவர் முன்னால் கொட்டி, எரியவில்லை என்றால் இது என்ன என்று பாடினேன். அவர் துந்தினாவைக் கீழே வைத்தார். சாம்பலை விரலால் தொட்டுப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்து, "இது நம்ம தையக்காரரு வீட்டு அடுப்புச் சாம்பலுங்க. அந்த அடுப்பு எரிஞ்சு நாளாச்சேன்னு கவலப்பட்டேன். பரவாயில்ல, எரியுதாட்டம் இருக்கு," என்றார். சபை சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் என் மனைவி. அன்றைக்கு எனக்குக் கோபம்தான். இப்போது நினைத்தால் அது நல்ல பதில்.

பிழைப்புக்குக் கருப்பையா மாட்டுவண்டியில் தோட்டத்திலிருந்து தேயிலைப் பெட்டிகளை ரயில் ஸ்டேஷனுக்கு ஏற்றி வருவார். பெட்டியை எண்ணுகிறவரோடு வழக்கு, வழிவிடாத வண்டிக்காரரோடு வழக்கு, யாரும் கிடைக்காவிட்டால் மாடுகளோடு வழக்கு. அவர் அடங்குவது ஒரே ஒருத்தியிடம். ஒரே மகள் செல்லாயி. சின்ன வயதில் வண்டியின் முன்பலகையில் உட்கார்ந்து அவருக்குப் பின்பாட்டுப் பாடிக்கொண்டே வருவாள். சுருதி இறங்கினால் அப்பன் தொடையில் ஒரு தட்டு தட்டுவாள். அவர் மறுபேச்சில்லாமல் திருத்திக்கொள்வார்.

செல்லாயியைப் பூனாகலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள். தலைப்பிரசவத்தில் தாயும் போனாள், பிள்ளையும் போனது. அதற்குப் பிறகு கருப்பையா வண்டி பூட்டவில்லை. சில நாள் கழித்து அவர் மனைவி அங்கம்மா என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, வர்றவுக எல்லாம் அழுவுறாக. எங்க வீட்டுக்காரவுக மட்டும் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறாக. கஞ்சி எறங்க மாட்டேங்குது. நேத்து மாடு அந்தக் கத்துக் கத்துச்சு, அதுக்கும் எந்திரிக்கல. இப்புடியே விட்டா மக பின்னாடியே போயிருவாக."

"நான் வந்து என்ன தங்கச்சி சொல்றது? எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதே."

"ஆறுதல் சொல்ல வராதீங்க. சண்டைக்கு வாங்க. டேப்ப எடுத்துக்கிட்டு வாங்க."

"துக்க வீட்டுல டேப்பு அடிச்சா லயமே காறித் துப்புமே?"

"துப்பட்டும். அவுக போயிட்டா லயமா எனக்குத் துணைக்கு வரப்போவுது?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். நான் டேப்பை உறையிலிருந்து எடுத்ததுமே பக்கத்துக் காம்பரா அறையில் குடியிருந்தவள் வாசலில் வந்து நின்று, "பச்சப் புள்ளைய வாரிக் குடுத்த வீடுய்யா! வெக்கமா இல்ல?" என்று கத்தினாள். இருந்தது. ஆனாலும் அடித்தேன். எங்கள் கட்சிப் பாட்டுத்தானே எனக்குத் தெரியும், அதைப் பாடினேன். மன்மதன் எரிந்தான், உடம்பு போனது, உயிர் போனது, மிஞ்சியது சாம்பல். பாதி பாடும்போதுதான், மகளை இழந்தவன் காதில் என்ன ஓதிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. கருப்பையா அசையவில்லை. சுவரைப் பார்த்தபடியே கிடந்தார்.

எங்கள் கட்சிப் பாட்டு சாம்பலோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு மன்மதனுடைய பெண்டாட்டி ரதி என்ன செய்தாள் என்பது எதிர்க்கட்சியின் விஷயம். எங்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. எதிராளி பாடும்போது நாங்கள் கேட்பதும் இல்லை, அடுத்த பதிலை யோசித்துக்கொண்டிருப்போம். பாட்டை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. வாய்க்கு வந்ததைக் கட்டிப் பாடினேன். ரதி அழுது ஓய்ந்தாள், முகம் கழுவினாள், உற்றார் உறவினரோடு வீடு போய்ச் சேர்ந்தாள் என்று.

"ரதி வீட்டுக்குப் போகலய்யா."

சுவர்ப்பக்கமிருந்து வந்தது குரல். நான் டேப்பை நிறுத்தினேன். "பின்ன எங்க போனா?" என்றேன். சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டேன். நான் திட்டம் போட்டுத் தப்பாகப் பாடி அவரை எழுப்பினேன் என்று பின்னாளில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "எங்கயும் போகல. அங்கனயே ஒக்காந்துக்கிட்டுப் பாடுறா. சிவன் எறங்கி வந்து வரங் குடுக்குறாரு. புருசன் வந்து பக்கத்துல நிக்கிறான். அவ கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான். ஒமக்கும் தெரிய மாட்டான், எனக்கும் தெரிய மாட்டான். இம்புட்டு வருசம் எதுக்க ஒக்காந்து என்னத்தய்யா கேட்டீரு? கத தெரியாம டேப்பத் தூக்கிக்கிட்டு வந்துட்டீரு!" திட்டிக்கொண்டே வந்தவருக்குக் குரல் உடைந்தது. மகள் போன நாளிலிருந்து அழாத மனிதர் அப்போதுதான் அழுதார். அங்கம்மா அவரைத் தேற்றப் போகவில்லை. அழுகை அடங்கும்வரை பார்த்திருந்து, துந்தினாவை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

தந்தி தளர்ந்துபோயிருந்தது. முறுக்கிக்கொண்டு, ரதி பாடுகிற பகுதியைப் பாடினார். நன்றாக இல்லை. செல்லாயி பாடிவந்த பின்பாட்டை அங்கம்மா எடுத்தாள். கதவடியில் கத்தியவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பாடி முடித்தவர் கஞ்சி கேட்டார். எனக்கு ஒரே சந்தோஷம், அதை எதற்கு மறைக்க வேண்டும்? மூடுபனியில் தடுமாறிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அதோடு அவர் துக்கம் தீர்ந்தது என்று கதைகட்ட மாட்டேன். வண்டி பூட்டினார், வழக்கடித்தார், மாசிக்கு மாசி என்னைத் தோற்கடித்தார். பூனாகலைக்குப் பாரம் ஏற்ற மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு என் முறை வந்தது. என் மனைவி காய்ச்சலில் போனாள். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கருப்பையா வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு, ஒரு கையில் தூக்குச்சட்டி, ஒரு கையில் துந்தினாவோடு வந்தார். ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பாட ஆரம்பித்தார். கேட்டால், எங்கள் எரிந்த கட்சிப் பாட்டு.

"என்னய்யா, கட்சி மாறிட்டீரா?" என்றேன்.

"மாறல. மனசு சரியில்லாதவங்கிட்ட ஜெயிக்கக் கூடாது. ஒமக்குப் புடிச்ச பாட்டு இதுதானே? கேளும்."

எங்கள் பாட்டை அவ்வளவு மோசமாக யாரும் பாடி நான் கேட்டதில்லை. தாளத்தை நாலு இடத்தில் திருத்த வேண்டியிருந்தது. திருத்தித் திருத்திப் பார்த்தால், அங்கம்மா கொடுத்தனுப்பிய சோற்றைத் தின்று முடித்திருந்தேன்.

அவரை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறு, யாரும் கூப்பிடாமலே டேப்பை எடுத்துக்கொண்டு அந்த லயத்துக்குப் போனேன். இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. அங்கம்மா துந்தினாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் பாட்டை நான் எடுக்கவில்லை. அவளே ரதி பகுதியைத் தொடங்கினாள். எதிர்க்கட்சிக்கு நான் தாளம் போட்டது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

பாதிப் பாட்டில் அவள் வாசல் பக்கம் பார்த்துக் குரலை நிறுத்தினாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். முகத்தில் இலேசாக ஒரு சிரிப்பு. நான் திரும்பிப் பார்த்தேன். வெளியே பனி, மாட்டுக்கொட்டகை.

"யாரு தங்கச்சி?"

"உங்களுக்குத் தெரியாதுண்ணே. நீங்க அடிங்க."

அடித்தேன். நான் இன்னும் எரிந்த கட்சிதான். அவர் குழிக்குள் மண் தள்ளிய கைகளில் என்னுடையதும் உண்டு. ஆனாலும், சாம்பலுக்குப் பிறகு வருகிற பாட்டு ஒன்று இருக்கிறது என்பது கருப்பையா எனக்கு வைத்துப்போனது. அதை எனக்குப் பாடத் தெரியாது. பாடுகிறவர்களுக்குத் தாளம் போடத் தெரியும்.