பக்கக் குதிரை

ஒரு சீனப் பையனைக் கட்டப்போகிறேன் என்று மகள் சொன்ன நாளிலிருந்து என் கணவர் நான்கு மாதம் அவளுடன் நேராகப் பேசவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. "அவளிட்டைச் சொல்லு" என்று எல்லாவற்றையும் என் வழியாகவே சொல்லுவார். லண்டன் மனோர் பார்க்கில் எங்களுடையது ஒடுங்கிய வீடு. அவர் சொல்லுவது அவளுக்கும் கேட்கும். இருந்தாலும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

கடைசியில் நானே பையனையும் தகப்பனையும் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். தாய் இல்லை. தகப்பன் ஹொங்கொங்கிலிருந்து வந்து உணவகச் சமையலறைகளிலேயே காலம் கழித்தவர். ஆங்கிலம் கொஞ்சம்தான். மிச்சத்தைப் பையன் மொழிபெயர்த்தான். அவர் இறால் குழம்பை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். என் கணவர் வாயே திறக்கவில்லை.

பேச்சை ஓட்டுவதற்காக, மருமகனுக்கு உங்கள் மொழியில் என்ன சொல் என்று தகப்பனிடம் கேட்டேன். சாதாரணச் சொல் ஒன்று இருக்கிறதாம்; ஆனால் அரசனின் மருமகனுக்கு வேறு சொல் என்றார். கவுன்சில் கடித உறையொன்றின் பின்பக்கத்தில் 駙 என்று எழுதினார். இடப்பக்கம் குதிரை, கீழே உள்ள நாலு புள்ளியும் அதன் கால்கள். வலப்பக்கம் இருப்பது உச்சரிப்புக்காகச் சேர்த்தது. தேரை இழுக்கிற குதிரைகளோடு, பூட்டாமல் பக்கத்தில் கொண்டுபோகிற மேலதிகக் குதிரைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். அந்தக் குதிரைகளைப் பார்க்க அரண்மனையில் ஒரு அதிகாரி இருந்தான். பிற்காலத்துப் பேரரசர்கள் அந்தப் பதவியைத் தங்கள் மகள்மாரின் கணவர்களுக்குக் கொடுத்தார்கள். அப்படியே குதிரையின் பெயர் மருமகனுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் என் கணவர் வாய் திறந்தார்.

"அப்ப இவர் ஸ்பெயார் ரயரோ?"

தமிழில்தான் சொன்னார். ஆனால் காரின் மேலதிகச் சில்லைக் குறிக்கும் அந்த இரண்டு ஆங்கிலச் சொல்லும் எல்லோருக்கும் விளங்கிவிட்டன. மகள் சாப்பிட்ட கோப்பையோடு எழும்பிக் குசினிக்குள் போனாள். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

தகப்பன் கோபப்படவில்லை. தானும் அப்படித்தான் இருந்ததாகச் சொன்னார். முதலில் வேலைசெய்த உணவகம் மாமனாருடையது. அதன் மேல்மாடியில் ஒன்பது வருடம் இருந்தாராம். மாமனார் ஒருநாளும் அவரோடு ஒரே மேசையில் சாப்பிடவில்லையாம். அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அதைக் கேட்டதும் என் கணவர், அகதியாக வந்த புதிதில் என் அண்ணன் வீட்டில் ஐந்து வருடம் இருந்ததையும், மற்றவர்கள் படுக்கும்வரை காத்திருந்து ஹோலில் பாய் விரித்ததையும் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். அந்த வீட்டில் நானும் இருந்தவள்தான். அவருக்கு அது வலித்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு பையனின் பக்கம் குழம்புச் சட்டியைத் தள்ளினார்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் போடும்."

அவர்கள் போனபிறகு குசினியில் அவர் மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் கோப்பை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நாலு மாசம், அப்பா."

"ஓம் பிள்ளை. பிழைதான்."

"இண்டைக்குச் சொன்னதும் பிழை."

"அதுவும்தான்."

அவள் உடனே சமாதானமாகவில்லை. துவாயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு கோப்பையாகத் துடைத்து வைத்தார்.