என் ஆப்பில் இல்லாத பிழை

மாஸ்கிங் டேப்பைக் கிழிக்கும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சர்ர்ர்... அந்தப் பசை வாசனை, சோறு பிசையும்போதும் விரலில் இருக்கும்.

டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கார் பம்பர் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். பெயின்ட் படக்கூடாத இடங்களில் டேப் ஒட்டுவது வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் சேரப்பணஞ்சேரி ரூமில், பழைய லேப்டாப்பில், தனியாக ஒரு ஆப் எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ் எங்கே வருகிறது, எத்தனை மணிக்கு கேட்டுக்கு வரும்... அவ்வளவுதான் காட்டும். லைனில் பாதிப் பேர் போனில் அது இருந்தது.

டெஸ்ட் செய்ய ஆள் கிடையாது. போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் லைனில் யாராவது குறை சொன்னால், ஒரு துண்டு டேப்பில் எழுதி சட்டைக் கையின் உள்பக்கம் ஒட்டிக்கொள்வேன். ரூமுக்கு வந்ததும் அது பீரோ கதவுக்கு மாறும். சரிசெய்தால் உரித்துவிடுவேன்.

"இன்னாடா, பீரோவுக்கு பெயின்ட் அடிக்கப் போறியா?" என்பான் ரூம்மேட் தினேஷ்.

ஒன்று மட்டும் உரியாமலே இருந்தது. என் பக்கத்தில் நின்று டேப் ஒட்டும் செல்வி அக்கா சொன்னது. மணிமங்கலத்திலிருந்து வருவார். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிவிட்டு ரெண்டாவது பஸ்ஸில் ஏறினாலே போதும் என்று ஆப் காட்டியதை நம்பியவர்.

"பஸ்ஸு டைம்முக்கு வந்துட்சுன்னு உன் ஆப்ல காட்டுது தம்பி. எனக்கு லேட்டுன்னு போட்டுகிறாங்க. இன்னொரு தபா லேட்டானா வராதன்னு சூப்பர்வைசர் சொல்ட்டாரு."

அவர் வீட்டில் அவர் சம்பளம் மட்டும்தான். என் கோடில் ஒரு வரி தப்பாகி, அதனால் அவர் வேலை போனால்...

எழுதியவனும் நான், தேடுகிறவனும் நான். கேட்க ஒரு ஆள் இல்லை. வரி வரியாகப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் இன்னும் பயமாக இருந்தது.

என் வீக் ஆஃப் அன்று அவரோடு அதே பஸ்ஸில் போனேன். ஆப் சொன்ன நேரத்துக்கு பஸ் கேட்டில் நின்றது.

கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே கியூ. நான் எப்போதும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவதால், இந்த நேரத்துக் கூட்டத்தைப் பார்த்ததில்லை. பை செக்கிங், போன் ஒப்படைப்பு, அதற்கப்புறம் ஒரே ஒரு பஞ்சிங் மெஷின். பக்கத்து கேட்டில் ஸ்டாஃப் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். செல்வி அக்கா விரல் வைக்கும்போது ஷிஃப்ட் தொடங்கியிருந்தது.

பிழை என் ஆப்பில் இல்லை.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து கேட்டில் போனைத் திரும்ப வாங்கியதும், சூப்பர்வைசரிடம் அதைக் காட்டி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஆப்ல தப்புன்னு எச்ஆர்கிட்ட நீயே சொல்லிடு. செல்வியோட லேட்ட கேன்சல் பண்ண வைக்கிறேன். கியூவ பத்திப் பேசுனா ரெண்டு பேரும் வெளியதான்."

சொன்னேன். எச்ஆர் சிரித்துக்கொண்டே, ஒழுங்காக ஒரு கோர்ஸ் படிக்கச் சொன்னார். அக்கா வேலை தப்பியது. அந்த வாரமே பலரும் ஆப்பை அழித்துவிட்டார்கள்.

அக்கா தலை நிமிராமல் டேப் ஒட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கோசரம் பொய் சொன்ன, சரி. நாளைக்கும் அதே கியூலதான நிக்கணும்?"

மறுநாளிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். பிள்ளைகள் எழுவதற்கு முன்பே கிளம்பிவிடுவாராம்.

இப்போது சென்னையில் ஒரு ஆபீஸில் கோட் எழுதுகிறேன். ஏசி, நல்ல காபி. ஒவ்வொரு குறையையும் பதிந்து வைக்க ஒரு டிக்கெட், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் பதில் சொல்ல ஒருவர் பெயர். அன்று அந்த கேட்டுக்கும் இப்படி ஒரு பெயர் இருந்திருந்தால் போய்க் கேட்டிருப்பேன்...

சில டிக்கெட்டுகளை, 'பிழை இல்லை, எதிர்பார்த்தபடிதான் இயங்குகிறது' என்று எழுதி மூடச் சொல்வார்கள். அதை எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் நிற்கும்.

அந்த கியூவும் எதிர்பார்த்தபடிதான் இயங்கியது.