அருளம்பலத்தின் பல்லும் மாந்தோப்புக் குரங்குகளும்

கோப்பாய் அருளம்பலத்துக்கு வாயை மூடி வைத்திருப்பதே ஒரு வேலை. மேல்வரிசையில் நாலு பல் முன்னுக்கு மிதந்து நிற்கும். உதடு இரண்டையும் சேர்க்க வேண்டுமென்றால் நாடியை இறுக்கி, மூக்கால் மூச்சுவிட்டு, வேறு ஒன்றையும் நினைக்காமல் இருக்க வேண்டும். கவனம் கொஞ்சம் பிசகினால் போதும், மனுசன் சிரிக்கத் தொடங்கிவிட்டார் என்று ஊர் நினைக்கும்.

செத்த வீடுகளில் பந்தல் காலுக்குப் பின்னால்தான் நிற்பார். பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் படக்காரன், "அண்ணை, சிரிக்காதேங்கோ" என்றான்.

"தம்பி, நான் சிரிக்கேல்லை."

"சரி, இப்ப சிரிக்கிறதை நிப்பாட்டுங்கோ."

பெண் பார்க்கப் போன அன்று பயத்தில் விறைத்துப்போய் இருந்தவரைப் பார்த்து, மாப்பிள்ளைக்கு நல்ல விருப்பம்போல என்று பெண் வீட்டார் முடிவு கட்டினார்கள். உதயகலா வந்து சேர்ந்தது அப்படித்தான்.

பிழைப்புக்கு ஒரு பழைய வான். வெளிநாட்டிலிருந்து வருகிற சனத்தை ஏற்றி ஊர் காட்டுவார். எவ்வளவு அலைந்தாலும் முகம் சுளிக்காத சாரதி என்று அவருக்கு நல்ல பெயர். மனிதரோடு அவருக்கு ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் குரங்குகளோடுதான்.

தென்மராட்சிப் பக்கம் மாந்தோப்பு நடுவே ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. வருகிறவர்கள் பழம் கொடுத்துக் கொடுத்து அங்கே குரங்குகள் பெருத்துவிட்டன. முதல் தடவை சனத்தை இறக்கிவிட்டு மர நிழலில் நின்ற அருளம்பலத்தை ஏழெட்டுக் குரங்குகள் வானைச் சுற்றி மூன்று தரம் துரத்தின. ஒன்று கெண்டைக்காலில் கடித்தும்விட்டது. அவர் கையில் பழமும் இல்லை, பையும் இல்லை. ஒரு பாவமும் அறியாத மனுசன்.

ஆஸ்பத்திரியில் மேர்சி என்ற நேர்ஸ் காயத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "குரங்குக்குப் பல்லைக் காட்டினனீங்களோ?"

"மிஸ், நான் ஆருக்குக் காட்டேல்லை?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். விளங்கிவிட்டது. எங்களுக்குச் சிரிப்பு, குரங்குக்கு அது 'சண்டைக்கு வா' என்கிற அழைப்பு என்று விளக்கிச் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அருளம்பலத்துக்கு அதே யோசனை. அந்தத் தோப்பில் அத்தனை குரங்குக்கும் நான் அரை மணித்தியாலம் விடாமல் சவால் விட்டுக்கொண்டு நின்றிருக்கிறேனே!

பிறகு கொரோனா வந்தது. மாஸ்க்கை எல்லாரும் திட்டினார்கள். வலிகாமப் பகுதி முழுக்க அதைக் கும்பிட்டு வரவேற்றவர் அருளம்பலம் ஒருவர்தான். நோய் போய் வருடக்கணக்கானபிறகும், அந்தக் கோயிலுக்குப் போகும் நாளில் அவர் மாஸ்க் போடாமல் வானை எடுப்பதில்லை. போய்ச் சேர்ந்ததும் சனத்தை இறக்கிவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி உள்ளேயே இருந்துவிடுவார்.

போன ஆடியில் கனடாவிலிருந்து கீர்த்திகனும் அவன் மனைவி தர்சிகாவும் வந்தார்கள். கீர்த்திகன் பல் வைத்தியன். அவன் பல் புதுப் பீங்கான் கோப்பை மாதிரிப் பளிச்சென்று இருக்கும். அதை ஒளித்து வைக்கும் பழக்கமும் அவனுக்கு இல்லை. சாவகச்சேரியில் தேத்தண்ணி குடிக்க அருளம்பலம் மாஸ்க்கை இறக்கியதுதான் தாமதம், அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணை, ஒருக்கா ஆ எண்டுங்கோ."

"றோட்டிலையோ தம்பி?"

அதிலிருந்து கோயில் வரைக்கும் அவன் பாதையைப் பார்க்கவில்லை. பக்கத்து ஆசனத்திலிருந்து அவர் தாடையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கோயிலடியில் அருளம்பலம் வான் கதவை மறித்து நின்று, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"கண்ணாடி, தொப்பியைக் கழட்டி வையுங்கோ. சொப்பிங் பை கொண்டு போகாதேங்கோ, உள்ளுக்கை செருப்பிருந்தாலும் அதுகளுக்கு அது சாப்பாடுதான். கண்ணுக்கை பாக்காதேங்கோ. குட்டியைப் படம் எடுக்கக் கிட்டப் போனா தாய் விடாது. எதையும் பறிச்சா விட்டிடுங்கோ, இழுபறிப்படாதேங்கோ. ஓடவும் வேண்டாம். வெறுங்கையை விரிச்சுக் காட்டி, மெல்ல மெல்லப் பின்னுக்கு வாங்கோ. எல்லாத்துக்கும் மேலை, பல்லைக் காட்டாதேங்கோ."

"அண்ணை, பல்லை வைச்சுத்தானே என்ரை பிழைப்பே!" என்று கீர்த்திகன் முப்பத்திரண்டையும் காட்டினான்.

தர்சிகா அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போய்விட்டாள். கீர்த்திகன் வெளியே நின்றான். அவன் கையிலிருந்த சொப்பிங் பையில் ஒரு சீப்புக் கதலிப்பழம் இருப்பதையும், காது கிழிந்த பெரிய கடுவன் குரங்கு ஒன்று மதிலிலிருந்து இறங்குவதையும் அருளம்பலம் வானுக்குள்ளிருந்து கண்டார். கடுவன் நெருங்க நெருங்க, அதைச் சமாதானப்படுத்த நினைத்துக் கீர்த்திகன் இன்னும் அகலமாகச் சிரித்தான். குரங்கு தன் பல்லைக் காட்டியது. இவன் கடைவாய்ப் பல் வரைக்கும் காட்டினான்.

அருளம்பலம் கதவுப் பிடியில் கை வைத்தார். இறங்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ஏற்றி வந்த ஆளைக் கடிபட விட்டுவிட்டு எப்படி இருப்பது? கதவைத் திறந்து ஓடினார்.

"தம்பி, பையை விடுங்கோ! வாயை மூடுங்கோ!"

கடுவன் பற்றிய பையைக் கீர்த்திகன் ஒருதரம் இழுத்துப் பார்த்தான். மணிக்கட்டில் கீறல் விழுந்தபிறகுதான் விட்டான். அந்த நேரம் பார்த்து மாமரத்திலிருந்து இன்னொன்று அருளம்பலத்தின் தோளில் குதித்து, மாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

தோப்பு அமைதியாகிவிட்டது. பழம் உரித்துக்கொண்டிருந்த கடுவன் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. அருளம்பலம் நாடியை இறுக்கினார். ஓடியதில் மூச்சு வாங்கியது, உதடு நிற்கவில்லை. கையால் வாயைப் பொத்தினார். பொத்திய கையில் என்னமோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று ஐந்தாறு குரங்குகள் முன்னுக்கு வந்தன. கையை விரித்துக் காட்டினார், பல் தெரிந்தது. உர்ரென்றன. பல்லைப் பொத்தினார், உள்ளங்கை மறைந்தது. இன்னும் கிட்ட வந்தன. ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த புத்தி அவருடைய முகத்துக்கு மட்டும் பொருந்தவில்லை.

"அசையாதேங்கோ அண்ணை," என்றான் கீர்த்திகன், வாயைத் திறக்காமலே. பின்னால் வந்து, இரண்டு விரலால் அவருடைய மேலுதட்டை இறக்கி, பெருவிரலால் கீழுதட்டை ஏற்றி, தொழில் தெரிந்த ஆளாய் அழுத்திப் பிடித்தான். "இப்ப கையைக் காட்டுங்கோ."

அருளம்பலம் இரண்டு கையையும் விரித்தார். ஒருவர் வாயை மற்றவர் பிடித்தபடி, இருவரும் குரங்குகளைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்து, அடிமேல் அடி வைத்துப் பின்னுக்கு நடந்தார்கள். பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. ஐயர் தீபத்தட்டோடு வாசலில் நின்றுவிட்டார்.

"என்ன, ஆளுக்கு வலிப்போ?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"இல்லை அம்மா, பல்லு," என்றான் கீர்த்திகன்.

தர்சிகாவுக்குச் சிரிப்பு வெடித்தது. "பல்லு! பல்லு!" என்று அவன் சீறியதும் சேலைத் தலைப்பால் வாயை அடைத்துக்கொண்டாள்.

நாற்பதடி தூரம் போக நாற்பது வருடம் எடுத்ததுபோல இருந்தது அருளம்பலத்துக்கு. பாதி வழியில் கடுவன் கொட்டாவி விட்டது. எதிராளி பின்வாங்கியதில் திருப்திப்பட்டதோ என்னவோ, மறுபடி பழத்தை உரிக்கத் தொடங்கியது. மற்றவை ஒவ்வொன்றாய் மரமேறின.

வானடியில் அருளம்பலம் சவர்க்காரத்தை எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கீர்த்திகனின் கீறலைக் கழுவினார். "சின்னக் கீறல்தானே" என்ற அவன் சாட்டு ஒன்றும் எடுபடவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விசர்நாய்க்கடி ஊசி போடுவித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அடுத்த நாள் கீர்த்திகன் கோப்பாயில் அருளம்பலம் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். யாழ்ப்பாணத்தில் தன் நண்பன் ஒருவன் பல் வைத்தியனாக இருக்கிறான், அந்த நாலு பல்லையும் உள்ளுக்குத் தள்ளி அழகாக்கிவிடலாம் என்றான். அருளம்பலம் வாழ்நாள் முழுக்க விரும்பியது அதுதான். அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"உவர் கோவிச்சா எனக்குக் கண்ணிலை தெரியும்," என்றாள் உதயகலா, சொதியை ஊற்றிக்கொண்டு. "மற்றவைக்குத் தெரியாம இருக்கிறது நல்லதுதானே. எனக்கு இந்த முகமே காணும், வேறை வேண்டாம். ஆனா தம்பி, உள்ளுக்கை ஒரு கடைவாய்ப் பல்லு சூத்தை, ஓட்டை விழுந்து கிடக்கு. இரண்டு வருசமா ஒரு பக்கத்தாலைதான் சப்புறார். ஏலுமெண்டா அதைப் பாருங்கோ."

அருளம்பலம் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி, "ஓம் தம்பி, அது காணும்," என்றார். அதைச் சொன்னபோது நெஞ்சிலிருந்து ஏதோ சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஏனென்று அவர் யோசிக்கவில்லை.

ஒரு கிழமைக்குள் அந்த நண்பனிடம் கூட்டிப்போய்ச் சூத்தையை அடைத்துவிட்டார்கள். மருந்து இறுகிய மறுநாள் நாலு பேருமாய் ஐஸ்கிரீம் கடைக்குப் போனார்கள். அருளம்பலம் முதல் கரண்டியைப் பயந்து பயந்து அந்தப் பக்கக் கடைவாயில் வைத்தார். கூசவில்லை. இன்னொரு கரண்டி வைத்தார். உதயகலா தன்னுடைய கிண்ணத்தையும் அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.