ஏற முடியாத திமிங்கலம்

நீச்சல் குளத்தில் மிதக்கும் விளையாட்டுச் சாமான்களை வடிவமைப்பதுதான் தன் வேலை என்று அவள் சொன்னால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. "அதுக்கெல்லாமா தனியா ஒரு ஆள்?" என்று கேட்பார்கள். அவளுக்குக் கோபம் வராது. காற்றடைத்த முதலைக்கு மூக்கு எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று வாரக்கணக்கில் யோசித்துச் சம்பளம் வாங்குகிறவள் ரொம்பவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசக் கூடாது என்பது அவளுக்கே தெரியும்.

முன்பு கூடாரம் செய்யும் தொழிற்சாலையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கூடாரங்கள் ஒழுகின. அவள் வெட்டியதால்தான் ஒழுகின என்று யாரும் நிரூபிக்கவில்லை. அவளும் வற்புறுத்திக் கேட்கவில்லை. தண்ணீரை உள்ளே வராமல் தடுக்கத் தெரியாதவளுக்குக் காற்றை வெளியே போகாமல் தடுக்கவாவது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில், கிடங்குகள் நிறைந்த தெருவின் கோடியில் இருந்த சின்னக் கம்பெனியின் முதலாளி அவளைச் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு ஆமை, முதலை, வாத்துக் குடும்பம் என்று வரிசையாகச் செய்து தள்ளினாள். ஷீட்டுகளைச் சூடுகாட்டி ஒட்டும் பிரிவில் இருந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பலூனக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவர், சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, "உன் மிருகங்கள்லாம் சௌக்கியமா?" என்று விசாரிப்பார்.

கணவரின் தங்கை வேறு ரகம். ஊர் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர்களுக்குத் தலைமை அவள்தான். அண்ணன் வீட்டுக்கு வந்தால் முதலில் அவள் கண் போவது குளியலறைத் தரை ஈரமாக இருக்கிறதா என்றுதான். அண்ணிமீது மரியாதை உண்டு. அண்ணியின் ஆமை, முதலைகள்மீது அவ்வளவாக இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பற்றி நினைப்பதையெல்லாம் நடுவில் இருந்த மனிதரிடம் சொல்லிவைப்பார்கள். அவர் இரண்டையும் கேட்டுவிட்டு எதையும் கடத்தாமல் குடும்பத்தைக் காப்பாற்றிவந்தார்.

அந்த ஊர்க் குளத்துக்கே ஒரு பெரிய சாமான் வேண்டும் என்று ஆர்டர் வந்தபோது பலூனக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் ஒத்திகைங்க. இதுதான் நான்" என்று கணவரிடம் சொன்னாள். அவள் வரைந்தது ஒரு திமிங்கலம். பேருந்து நீளம். முதுகிலிருந்து சறுக்கிக்கொண்டு வரலாம். வாலில் இரண்டு பேர் உட்கார்ந்து ஏறி இறங்கி ஆடலாம். வாய்க்குள் நுழைந்து விலா வழியாக வெளியே வரலாம். கண்ணுக்கு மட்டும் ஏழெட்டு மாதிரி வெட்டிப் பார்த்தாள். கோபமாகவும் இருக்கக் கூடாது, அசடு வழியவும் கூடாது.

கிடங்கின் தரையில் அதை ஊதி நிறுத்தியபோது கம்பெனியே கூடிவிட்டது. ஆளாளுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். முதலாளியும் ஏறி, சறுக்கி, கீழே வந்து, தானே கைதட்டிக்கொண்டார். ஏறுவதற்கு வசதியாகப் பக்கத்தில் யாரோ ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லோரும் அதில் காலை வைத்துத்தான் ஏறினார்கள். எல்லோர் காலுக்கு அடியிலும் இருந்ததாலோ என்னவோ, அந்த நாற்காலி யார் கண்ணிலும் படவில்லை.

குளத்தில் இறக்கிய நாளன்று திமிங்கலம் நிஜமாகவே கம்பீரமாக இருந்தது. காலையில் வழக்கமாக நீந்த வருபவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தார்கள். நாத்தனார் கரையோரமாக ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள்.

"அழகா இருக்கு அண்ணி. தண்ணிக்குள்ள இருக்கறவங்க இதுல எப்படி ஏறணும்?"

"அதான் கைப்பிடி வெச்சிருக்கேனே."

"சரி, ஏறிக் காட்டுங்க."

பலூனக்கா நன்றாகவே நீந்துவாள். அதில் கேலிக்கு இடமில்லை. நீச்சல் உடையோடுதான் வந்திருந்தாள். ஒய்யாரமாக நீந்திப்போய்க் கைப்பிடியைப் பிடித்து எம்பினாள். திமிங்கலம் பெருந்தன்மையோடு அவள் பக்கம் சாய்ந்தது. சாய்ந்த வேகத்தில் அவள் கால்கள் அதன் வயிற்றுக்கு அடியில் போய்விட்டன. மல்லாந்து கிடந்தபடி, தான் இரவு பகலாகத் திருத்திய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்பும்மா! நல்லா எம்பு!" என்று முதலாளி கரையிலிருந்து கத்தினார்.

எம்பினாள். விலாப் பக்கம் வழுக்கியது. வாலைப் பிடித்தால் வால் முங்கி அவளையும் முக்கியது. நீந்த வந்தவர்களில் ஒரு முடிதிருத்துபவர், "இன்னொரு தடவை பாருங்க, இப்ப வந்துரும்" என்று தைரியம் சொன்னார். அந்த அன்புதான் அவளைக் கெடுத்தது. கடைசி முயற்சியாக வாய் வழியாக நுழைந்தாள். தலை போயிற்று, தோள் போயிற்று, இடுப்பில் நின்றுவிட்டது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு, திமிங்கலம் ஒரு பெண்ணை விழுங்க ஆரம்பித்துப் பாதியில் மனம் மாறியதுபோல இருந்ததாம். உள்ளே இருந்தவளுக்குக் கேட்டது ஒரு விசில் சத்தம்.

"அண்ணி! காலை ஆட்டாதீங்க. நான் இழுக்கறேன்!"

கணுக்கால்களைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாள் நாத்தனார். சிரிக்கவில்லை. மற்றவர்கள் அந்தக் குறையை நிவர்த்தி செய்தார்கள். எல்லோரும் கலைந்த பிறகு துண்டை நீட்டியபடியே சொன்னாள்: "மூச்சு வாங்கற ஒரு குழந்தை நடுக்குளத்துல இதைப் பிடிச்சுக்கிட்டா, அதால ஏறவும் முடியாது, கையை விடவும் பயமா இருக்கும். இதை இப்படியே நான் வெக்க மாட்டேன் அண்ணி."

அன்று சாயங்காலம் பலூனக்கா சமையலறையில் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். கணவர் வாசற்படியிலேயே நின்று கேட்டார். "அவ சொன்னதுல ஏதாவது தப்பு இருக்கா?"

"தப்பே இல்லைங்க. அதனாலதான் பத்திக்கிட்டு வருது!"

அடுத்தடுத்த காலைகளில், குளம் திறப்பதற்கு முன்னால், நாத்தனார் மட்டும் பார்த்திருக்க, அவள் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள். கயிற்று ஏணி கட்டினாள். படியில் காலை வைத்ததும் ஏணி உள்ளே சாய்ந்து, மறுபடியும் மல்லாக்கப் போட்டது. கைப்பிடிகளைக் கூட்டினாள், திமிங்கலம் நெரிசல் நேரத்துப் பேருந்து மாதிரி ஆனதே தவிர, ஏற முடியவில்லை. நாத்தனார் கரையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் கருத்துச் சொன்னாள். "இது நேத்தைக்குப் பரவாயில்லை அண்ணி" என்பாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

ஒரு நாள் பொறுக்காமல் அவளே குதித்துவிட்டாள், கையில் ஒரு மீட்புப் பலகையோடு. "களைச்சுப் போனவங்களை நாங்க எப்படி ஏத்துவோம்னு பாருங்க. மயங்கின மாதிரி கிடங்க."

பலூனக்கா உடம்பைத் தளர்த்தினாள். அந்தச் சமயம் அதற்கு நடிப்பே தேவைப்படவில்லை. நாத்தனார் பலகையின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் அழுத்தி, அவள் நெஞ்சுக்குக் கீழே கொண்டுவந்து விட்டாள். பலகை தானாக மேலே எழும்பியது. அதன்மேல் பலூனக்கா கிடந்தாள், ஒரு சிரமமும் இல்லாமல்.

"நீங்க ஆளை மேல தூக்கப் பாக்கறீங்க. நாங்க பலகையைக் கீழ கொண்டு போவோம்."

பலூனக்கா படுத்தபடியே பலகையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். கம்பெனியில் சேர்ந்த புதிதில் அந்தப் பலகைகளுக்கு உறை தைத்துக் கொடுத்தவளே அவள்தான். அவற்றை அளந்திருக்கிறாள், மூலைகளை மடித்திருக்கிறாள், ஜிப் வைத்திருக்கிறாள். எதற்கு என்று மட்டும் கேட்டதே இல்லை.

மறுநாளே திமிங்கலத்தின் வாயிலிருந்து ஒரு நாக்கை இறக்கினாள். அகலமான, தட்டையான மெத்தை; பாதி அறைகளில் காற்று, பாதி அறைகளில் தண்ணீர். அதனால் நுனி ஒரு சாண் முங்கியே இருக்கும். நெஞ்சை அதன்மேல் வைத்துக் காலை உதைத்தால் போதும், ஆள் மேலே. சிவப்பு ஷீட் கையிருப்பில் இல்லை, சாம்பல் நிறம்தான் கிடைத்தது. திமிங்கலம் தன்னைப் பார்த்து நாக்கைத் துருத்துகிறது என்று அவளுக்குப் பட்டது. துருத்தட்டும், நியாயம்தானே என்று விட்டுவிட்டாள். நாத்தனார் பத்துப் பதினைந்து தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னாள்.

குழந்தைகள் நாக்கு வழியாகத் தாவி ஏறினார்கள், சறுக்கினார்கள், கத்தினார்கள். அது வரைக்கும் சரி. ஆனால் பெரியவர்களும் நாக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முட்டி வலிக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், அந்த முடிதிருத்துபவர் எல்லோரும் வந்து பாதி முங்கியபடி படுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். குழந்தைகளுக்கு ஏற வழியில்லை. நாத்தனாருக்கு விசில் ஊதியே தொண்டை கட்டிக்கொண்டது. "இன்னொரு நாக்கு செஞ்சு தாங்க அண்ணி, தனியா. திமிங்கலம் வேண்டாம்."

அந்தத் தனி நாக்குதான் அவள் பெயரைக் கெடுத்தது. ஒவ்வொரு குளமாகக் கேட்க ஆரம்பித்தார்கள். திமிங்கலத்தை யாரும் கேட்கவில்லை. டிராகன் வரைந்து கொண்டுபோனால் முதலாளி அதைப் பார்த்துக்கொண்டே, "மெத்தை எத்தனை ரெடியா இருக்கு?" என்பார். கம்பெனி விளம்பர அட்டையில் அதன் மேல் யாராவது படுத்திருக்கும் படம் வேண்டும் என்றபோது, அவர் அவளையே படுக்கச் சொன்னார்.

"ஏன் சார், நான்தானா கிடைச்சேன்?"

"கனத்தைத் தாங்கும்னு காட்டணும்லம்மா."

அட்டை வெளிவந்ததும் கணவர் ஒன்றைக் கண்ணாடிக் கடையில் ஒட்டிவைத்தார். கல்யாண வீடுகளில் பலூனக்கா இந்தக் கதையைத் தானே சொல்வாள். வாய்க்குள் மாட்டிக்கொண்ட இடத்தை எழுந்து நின்று நடித்தே காட்டுவாள். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணி ரொம்பக் குறைச்சுச் சொல்றாங்க" என்று திருத்துவாள்.

சென்ற கோடையில் இருவரும் ஒரு உறவினரைப் பார்க்க வெளியூர் போயிருந்தார்கள். புழுக்கம் தாங்காமல் அங்கிருந்த குளத்துக்குப் போனால், ஒரு மூலையில் சாம்பல் மெத்தை மிதந்துகொண்டிருந்தது. பலூனக்கா நெருங்கிப்போய் அதன்மேல் கை வைத்ததும் அங்கே காவலுக்கு இருந்த இளைஞன் ஓடிவந்தான்.

"பெரியம்மா, அப்படி எம்பக் கூடாது. நெஞ்சை மட்டும் வைங்க. அப்படியே காலை அடிங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

"தம்பி, இதைச் செஞ்சதே..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள். தண்ணீருக்குள் அவள் தொடையில் பலமாக ஒரு கிள்ளு விழுந்தது.

பலூனக்கா பவ்வியமாக நெஞ்சை வைத்தாள், காலை அடித்தாள், சிரிப்பை அடக்கப் போய் வழுக்கி விழுந்தாள். அவன் பொறுமையாக மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தான். இரண்டாவது தடவை ஏறிவிட்டாள்.

"பாத்தீங்களா, எவ்வளவு சுலபம்!" என்றான் அவன்.

"ஆமா தம்பி, நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, நாத்தனாருக்கும் இடம் விட்டு நகர்ந்து படுத்துக்கொண்டாள்.