சின்னம்மா தொடாத மீன்

மண்ணெண்ணெய்த் தகரத்தில் பாதியளவு தண்ணீர். அதில் இரண்டு கெளுத்திகள் மீசையை அசைத்தபடி கிடந்தன. பெடாஸ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வாசலில் அந்தத் தகரத்தை வைத்துவிட்டு அம்மா தன் தங்கையை, என் சின்னம்மாவை, அழைத்தது நினைவிருக்கிறது. ஜப்பான்காரன் ஆட்சியில் அது 1944 ஆக இருக்க வேண்டும். வீட்டில் நாள்காட்டி கிடையாது. சித்தப்பாவைச் சயாமில் ரயில்பாதை போட லாரியில் ஏற்றிப் போனதற்கு அடுத்த வருடம் என்பதை வைத்தே கணக்கிடுகிறேன்.

அரிசி அருகிப் போய், மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு. லயத்தில் பலருக்குக் கால் வீங்கியிருந்தது. தோட்டத்து மருந்துக்கொட்டகையைக் கவனித்த டிரஸ்ஸர், சின்னம்மாவின் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது, மேலே வரவில்லை.

"மருந்து இல்ல ஆயி. அல்லூரு வாய்க்கால்ல மீன் ஓடுது, பிடிச்சுத் தின்னு. இல்லன்னா பயறு தின்னு."

"பயறு எங்கய்யா இருக்கு, உங்க வூட்லயா?" என்றாள் அம்மா.

"எங்க வூட்ல இருந்தா என் காலு ஏன் இப்பிடி இருக்கு?" என்று கால்சட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

அதனால்தான் அந்தக் கெளுத்திகள். ஆனால் சித்தப்பா திரும்பி வரும்வரை கவுச்சி தொடுவதில்லை என்று, லாரி புறப்பட்ட அன்றே சின்னம்மா மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். தேங்காய் உடைத்து வேண்டுதலை அவிழ்த்துவிடலாம், ஆத்தா கோபிக்கமாட்டாள் என்று பூசாரியே வந்து சொன்னார்.

"எனக்குன்னு வேண்டியிருந்தா அவுத்துரலாம் பூசாரி. அவரு உசுருக்குல்ல வேண்டியிருக்கேன்! நான் இங்க ஒரு துண்டு வாயில வச்சு, அங்க அவருக்கு ஒன்னு ஆயிட்டா?"

கெளுத்திகளை நாங்கள் தின்றோம்.

பிறகு அம்மா ஒரு காரியம் செய்தாள். கருவாட்டைச் சுட்டு, தூளாக இடித்து, மரவள்ளிக் கீரைக் கறியில் கலந்து கொடுத்தாள். தட்டை முகத்தருகே கொண்டுபோனதுமே சின்னம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "என் தாலிய அறுக்கப் பாக்குறியாக்கா?" என்று கேட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கீரையையும் அவள் தொடவில்லை. தன் அடுப்பில் கிழங்கை மட்டும் அவித்துத் தின்றாள். வீக்கம் காலிலிருந்து வயிற்றுக்கு ஏறியது. சில வாரங்களில் மூச்சு முட்டி இறந்துபோனாள்.

இன்று பாரோய் ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன். இறைச்சியைக் குறைத்து மீனும் பயறும் கீரையும் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார் மருத்துவர். வாரத்தில் சில நாள் இறைச்சியே இல்லாமல் சமைக்கிறாள் மகள். நல்ல யோசனைதான். உணவைப் பற்றி நிறைய நூல்கள் படித்திருக்கிறேன். வெறுங்கையோடு நின்ற டிரஸ்ஸர் சொன்னதற்கு மேல் அவற்றில் அதிகம் இல்லை. தெரியாமல் யாரும் சாகவில்லை எங்கள் லயத்தில்.

போர் முடிந்தபின், சித்தப்பாவோடு அதே லாரியில் போன ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். எங்கள் வாசலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அங்க போன மொத மழையிலயே போயிட்டாருக்கா. வாந்திபேதி. நாங்கதான் பொதைச்சோம்."

சயாம் ரயில்பாதையைப் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் வைத்து அந்த மழைக்காலத்தைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன். மாறவில்லை. சின்னம்மாவின் கால் வீங்கத் தொடங்குவதற்கு வெகுமுன்பே அவர் மண்ணுக்குள் போயிருந்தார்.

"மொத மழையிலயா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்:

"அப்ப அவ மீன் தின்னிருக்கலாம்."