தொப்பிக்கு அப்பா யார்?

போன வெள்ளிக்கிழமை எங்கள் மயிலாப்பூர் ஆபீஸில் மீன் வாசனை அடித்தது.

எங்கள் சீனியர் வெங்காயத்தையே நாள் பார்த்துச் சாப்பிடுகிறவர். அவர் மேஜைக்கு நேர் எதிரே, சட்டப் புத்தக அலமாரி ஓரமாக, முழுசாக ஒரு வஞ்சிரம் — பிளாஸ்டிக் பையில், வால் வெளியே நீட்டிக்கொண்டு. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தியபடி, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். நிஜமான சந்தோஷம்தான். மூச்சுதான் விடவில்லை.

மீனைக் கொண்டுவந்தவர் சரோஜாம்மா. ஊரூர் குப்பத்தில் மீன் விற்கிறவர். செய்யாத குற்றத்துக்காகப் புழல் ஜெயிலில் நாலு வருஷம் இருந்த அவர் மகன் தேசிங்கு, அதற்கு முந்தின வாரம்தான் வெளியே வந்திருந்தார்.

வெளியே கொண்டுவந்தது ஒரு டிஎன்ஏ டெஸ்ட். அந்த டெஸ்டுக்காக வாதாடியது நான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல்: எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கறுப்பு கோட்டு போட்ட முதல் ஆளும் நான். இதை மாசம் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறேன் என்று பழைய வாசகர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அலுத்துக்கொள்ளட்டும். எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

தேசிங்கின் வேலை, வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுவது. பெசன்ட் நகரில் அவர் கேன் போடும் ஒரு வீட்டில், ஒருநாள் கரண்ட் போன நேரமாகப் பார்த்து எவனோ புகுந்தான். வீட்டுக்கார அம்மாவைக் கீழே தள்ளிவிட்டு, கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். ஓடுகிற வேகத்தில் அவன் தொப்பி விழுந்தது. அந்த அம்மா தேசிங்கைக் கைகாட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. பயந்துபோன மனசுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அடிக்கடி பார்க்கிற முகம் வந்து நின்றது... அவ்வளவுதான். தண்டனை ஏழு வருஷம்.

தொப்பி? அது சீல் வைத்த பைக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. உள்பக்கம் வியர்வைக் கறை. ஒட்டிக்கொண்டு இரண்டு முடி. யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. மேல்முறையீட்டில் நாங்கள் கேட்டோம் — தொப்பியில் இருப்பதையும் தேசிங்கின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று. ஹைகோர்ட் சரி என்றது. தேசிங்கு சம்மதித்தால் போதும்.

ஒரு ஊசி. கொஞ்சம் ரத்தம். இதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது?

நானும் அப்படித்தான் நினைத்து, நல்ல செய்தி சொல்ல குப்பத்துக்குக் கிளம்பினேன். சரோஜாம்மா வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். டிஎன்ஏ என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் கை நின்றது.

"இன்னா டெஸ்டு?"

மறுபடியும் சொன்னேன்.

"எய்ந்து போ பாப்பா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. நம் ஜனங்கள் டிஎன்ஏ டெஸ்டை எங்கே பார்த்திருக்கிறார்கள்? டிவி சீரியலில். டாக்டர் கவரைப் பிரிப்பார். இடி இடிக்கும். ஒரு பெண் கதறுவாள். குழந்தைக்கு அப்பா யார் என்று கண்டுபிடிப்பதைத் தவிர அந்த டெஸ்டுக்கு வேறு வேலை உண்டு என்று எந்த சீரியலாவது சொல்லியிருக்கிறதா?

அதோடு இன்னொன்று. தேசிங்கு நல்ல சிவப்பு. சுவரில் மாலையோடு தொங்கும் அவர் அப்பா அட்டைக் கறுப்பு. ஒரு தெருவுக்கு இது போதாதா? தேசிங்கு பிறந்ததிலிருந்து பாதிச் சிரிப்போடு சுற்றிவருகிற பேச்சு. இப்போது கோர்ட்டே கூப்பிட்டு ரத்தத்தைச் சோதிக்கிறது என்றால்... பேச்சுக்கு முத்திரை குத்தியது மாதிரி ஆகாதா?

தேசிங்காவது அம்மாவிடம் எடுத்துச் சொல்வார் என்று புழலுக்குப் போனேன். அவர் தெளிவாக இருந்தார்.

"அம்மா வாணாம்னா வாணாம் மேடம். உள்ள கீறது நானு. ஆனா அந்தத் தெருவுல கீறது அவுங்க."

மிச்சத் தண்டனையைக் கழித்துவிடுவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வெளியே வந்து கொஞ்ச நேரம் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றேன். அம்மா பிள்ளைக்காகத் தவிக்கிறார், பிள்ளை அம்மாவுக்காக ஜெயிலில் இருக்கிறார். நடுவில் சும்மா கிடக்கிறது ஒரு தொப்பி.

சீனியரிடம் சொன்னேன். "ஹைகோர்ட்டே ஒத்துண்டாச்சு, அந்தம்மா மாட்டேங்கறாளா?" என்றார். ஆமாம் சார். இதற்கு மேல் எங்கே அப்பீல் போவது?

வழியைக் காட்டியது சரோஜாம்மாதான். அடுத்த தடவை போய், தொப்பி, வியர்வை, முடி என்று ஆரம்பத்திலிருந்து சொன்னபோது, பாதியில் நிறுத்தினார்.

"என் கையில சொல்லி இன்னா புண்ணியம்? தெருவுக்குச் சொல்லு. கோட்டு போட்டுக்கினு வந்து சொல்லு."

ஆக, தண்ணி லாரி வரும் நேரத்தில், சுள்ளென்ற வெயிலில், கறுப்பு கோட்டும் கழுத்துப் பட்டையுமாக குப்பத்தில் போய் நின்றேன். ஹைகோர்ட் பெஞ்சில் இரண்டே நீதிபதிகள். இங்கே தெரு முழுக்க நீதிபதிகள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு குடம். குறுக்கு விசாரணைக்கு முனியம்மாக்கா. அந்தச் சிவப்புப் பேச்சை ஆரம்பித்து வைத்ததே அவர்தான் என்பது சரோஜாம்மாவின் குற்றச்சாட்டு.

நான் பேசி முடித்ததும் முனியம்மாக்கா குடத்தை இறக்கி வைத்தார். "அப்ப தேசிங்குக்கு அப்பன் யாருன்னு பாக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கக்கா. அதுக்கு அவுங்கப்பாவோடதும் வேணும். இங்க ரெண்டே ரெண்டுதான். தேசிங்கோடது ஒண்ணு, தொப்பில கீறது ஒண்ணு."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப தொப்பிக்கு அப்பன் யாருன்னு தேடிக்கினு கீறீங்க."

வரிசையே சிரித்தது. எத்தனையோ பக்கம் மனு எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட விஷயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல எனக்கு வந்ததில்லை.

ஓரமாக நின்ற சரோஜாம்மா மட்டும் சிரிக்கவில்லை. நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "எடுக்கச் சொல்லு பாப்பா."

அன்றிலிருந்து குப்பத்தில் அதற்குத் தொப்பி டெஸ்ட் என்றே பெயர். ரிசல்ட் வரத் தாமதமான மாதங்களில் நான் போகும்போதெல்லாம், தொப்பி இன்னா ஆச்சு என்றுதான் கேட்டார்கள். ஒருவழியாக வந்தது. வியர்வையும் முடியும் தேசிங்குடையவை இல்லை. வேறு எவனோ ஒருவனுடையவை. கோர்ட் விடுதலை செய்தது. தொப்பியின் அப்பன் இன்னும் அகப்படவில்லை. முனியம்மாக்கா விடாமல் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் புரிந்தது இதுதான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு டெஸ்ட் வாயை மூடிக்கொள்கிறது. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது நாம்தான். அதுவும், பெண்களைப் பற்றியதென்றால் ரொம்ப வேகமாக.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மீனைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய சரோஜாம்மாவை வழியனுப்ப மாடிப்படி வரை போனேன். இரண்டு படி இறங்கியவர் நின்றார். சீனியர் ரூம் பக்கம் ஒரு பார்வை. குரல் இறங்கியது.

"பாப்பா... அந்த ரிசல்ட்டுல அவுங்கப்பாவப் பத்தி எதுனா போட்டுக்கீதா?"

"ஒண்ணும் போடலம்மா. தொப்பியப் பத்தி மட்டுந்தான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நல்ல டெஸ்டுதான்."

வஞ்சிரத்தை மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா பாதியை வறுத்து, பாதியைக் குழம்பு வைத்தாள். அப்படி ஒரு ருசி. அது யார் வலையில் விழுந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.